வெட்டுவதற்கு முன் அவன் பார்க்க வேண்டும்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் பலவேசம். அவனுக்குப் பின்னால் வேறு பலரும் செய்தார்கள், அவர்களையும் நான் விட்டுவிடவில்லை, ஆனாலும் முதல் ஆள் அவன்தான், என் அப்பாவின் அக்கா மகன், எனக்கு அத்தான் முறை. இன்றைக்கு அவன் வர வேண்டும். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். வந்து என் நெஞ்சைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும், அப்புறம் டாக்டர் எதை வேண்டுமானாலும் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த பிறகு வந்து என்ன பிரயோசனம், அப்போது இங்கே ஒன்றும் இருக்காது, தட்டையாக ஒரு கட்டு, இரண்டு பக்கமும் குழாய், அவ்வளவுதான். காட்டுவதற்கு எதுவும் இல்லாதவன் சொல்வதை யார் நம்புவார்கள். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். வெளியே அடுத்த கட்டடத்து மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிறைந்து வழிகிறது, யாரோ மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள். எனக்கு நேற்று ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது வழிந்து சுவரில் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க நாக்கு தடிக்கிறது. என் வீட்டுக்காரி ஆவுடை ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்திருக்கிறாள். அண்ணாச்சி பஸ் ஏறிட்டாவளாம், திருச்செந்தூர் தாண்டிட்டாவளாம் என்கிறாள். நான் செத்துப்போய்விடுவேனோ என்று பயந்து சொந்தக்காரனிடம் ராசியாகப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். ஊரில் எல்லோரிடமும் நெஞ்சு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறாள். அது பொய்யில்லை. நெஞ்சில்தான் செய்கிறார்கள்.

காலையில் ஜெபா சிஸ்டர் வந்து நெஞ்சையும் அக்குளையும் மழித்துவிட்டுப் போனாள். என்னைத் தாத்தா என்றாள், அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். அப்புறம் டாக்டர் வந்தார், மீசை சரியாக முளைக்காத மாதிரி ஒரு முகம், என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நிற்க வைத்துத்தான் கோடு போட வேண்டுமாம், படுத்தால் சதை நழுவி இடம் மாறிவிடுமாம். ஊதா நிறப் பேனா. அதன் நுனி குளிர்ந்திருந்தது, ஈரமான எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒரு வட்டம், அதற்கும் வெளியே ஒன்று. முகம் தெரியாமல் போட்டோ எடுத்தார். வரைந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார், முன்னாலும் ஒரு தடவை சொன்னதுதான், ஆனால் அன்று என் காது அடைத்துப்போயிருந்தது. மயக்கத்தில் ஒன்றும் தெரியாது ஐயா. அக்குள் பக்கம் சின்ன ஓட்டை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்போம். அப்புறம் காம்பைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறதே, அதன் கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு, அது வழியாக உள்ளே இருக்கிற கட்டிச் சதையை எடுப்போம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், பயப்பட ஒன்றும் இல்லை, ஸ்கேனில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அனுப்புவது வழக்கம். இரண்டு பக்கமும் குழாய் வைப்போம், கெட்ட ரத்தமும் நீரும் அதில் இறங்கும். இறுக்கமான பனியன் ஒன்று தருவோம், ராவும் பகலும் பல வாரம் போட்டிருக்க வேண்டும். மல்லாக்கத்தான் படுக்க வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. வீங்கும், கன்றிப்போய் நீலமாகும், மஞ்சளாகும், பிறகு போகும். தொட்டால் கொஞ்ச காலத்துக்கு ஒன்றும் தெரியாது, மரத்துப்போயிருக்கும், சிலருக்கு அது முழுசாகத் திரும்பி வராமலும் இருக்கலாம். அவர் சொன்னதில் அந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மரத்துப்போவது எனக்குத் தெரிந்த விஷயம். என்னுடைய வேலையே அதுதான். ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார், பேனாவை மூடிக்கொண்டே, பொழுதுபோக்காகச் சொல்வது போல. "இது நெறைய ஆம்பிளைங்களுக்கு இருக்கு ஐயா. யாரும் வெளியே சொல்றதில்ல." நிறைய பேருக்கா. அப்படியானால் அவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள். நான் மட்டும் தனியாக நின்றபோது அந்த நிறைய பேரில் ஒருத்தனாவது பக்கத்தில் வந்து நின்றிருக்கலாமே. அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது, முகம் தெரியாத அத்தனை பேர் மேலும்.

தொட்டி இன்னும் வழிகிறது. தண்ணீர் விழும் சத்தம் இங்கே கேட்காது, ஆனால் எனக்குக் கேட்கிறது, பம்புசெட் குழாயிலிருந்து சிமெண்டுத் தொட்டியில் விழுகிற கனமான சத்தம். எனக்கு மீசை அரும்பாத வயசு. வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டில் பையன்கள் எல்லாம் குளிக்கிறோம். நான் துண்டைத் தோளில் போட்டு இரண்டு முனையையும் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்குச் சளி என்று சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம்தான் அது ஆரம்பித்திருந்தது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு, தொட்டால் வலி, பிறகு வலி போய்ச் சதை வந்தது, பொம்பளைப் பிள்ளைக்கு வருகிற மாதிரி. யாரிடம் கேட்பது. அப்பாவிடம் கேட்க முடியாது, அம்மாவிடம் அதைவிட முடியாது. பலவேசம் பின்னால் வந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்தான், துண்டு தண்ணீரில் விழுந்து ஓடியது, என்னை அப்படியே எல்லோரையும் பார்த்து நிற்கும்படி திருப்பினான். அவன் ஒரு பெயரைச் சொன்னான். செண்பகம். எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் பெயர். அவ்வளவுதான் செய்தான், அடிக்கவில்லை, வேறொன்றும் செய்யவில்லை, ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கையை விட்டுவிட்டான். அந்தப் பெயர் என்னோடு வந்துவிட்டது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள், அதற்கப்புறம் என்னை எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது என்றே தெரியாது, செண்பகம் மாமா, செண்பகம் சித்தப்பா என்று மரியாதையாகக் கூப்பிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தே விட்டார்கள், தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு வரிசையில் செண்பகம் என்று. பத்திரிகை எழுதிக் கொடுத்த பையனை அடிக்கவா முடியும், அவன் உண்மையாகவே அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறான். என் பெயர் சிவனணைந்தான். இந்தக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிற அட்டையில் அது இருக்கிறது. இங்கே மட்டும்தான் எல்லோரும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஜெபா சிஸ்டர் ஒரு மாத்திரை கொண்டுவந்தாள், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பயம் போவதற்காம். எனக்குப் பயம் இல்லை என்றேன். இருந்தாலும் வைங்க தாத்தா என்றாள். மாத்திரை கரைகிறது, கசக்கவில்லை, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கிறது. கரையக் கரைய ஜன்னல் கொஞ்சம் தள்ளிப் போகிறது. தூங்கிவிடக் கூடாது. அவன் வரும்வரை தூங்கக் கூடாது. ஆவுடையின் வளையல் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்கிறது. மாத்திரையோடு உடம்பில் ஒரு குளிர் ஏறுகிறது, இந்தக் குளிர் எனக்குப் பிடித்த குளிர். ஐஸ் பேக்டரிக்குள் நுழைந்த முதல் நாளும் இப்படித்தான் இருந்தது, தூத்துக்குடி கடற்கரை வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் இருட்டிக்கொண்டு, மூக்கில் அமோனியா ஏறி, எங்கும் புகை மாதிரி. பார்த்தேன், உள்ளே வேலை செய்கிறவன் ஒவ்வொருவனும் சட்டை போட்டு, அதன் மேல் சாக்கை மடித்துத் தோளோடு போர்த்தியிருந்தான். அரிசி மில்லில், வாழைத்தார் லாரியில், உப்பளத்தில், எங்கே போனாலும் ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்க வேர்க்கச் சட்டை என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், என் ஆயுசு இந்தக் குளிருக்குள்தான். கிழடு தட்டும்வரை அங்கேதான் இருந்தேன். தகர டின்னில் தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவோம், அது அசையாமல் கிடந்து உறையும், சங்கிலி போட்டுத் தூக்கிச் சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஐஸ் பார் டின்னைவிட்டு வழுக்கி வெளியே வரும், பெரிய மீன் மாதிரி. பாருக்கு ஓரமெல்லாம் கண்ணாடி. அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரியும். நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும், கடைசியாக உறைகிற தண்ணீரில் காற்று மாட்டிக்கொள்வதால் அப்படி. டாக்டர் உள்ளே கட்டிச் சதை இருக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்து அழுத்திக் காட்டியபோது எனக்கு அந்த வெள்ளைத்தண்டுதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் அசையாமல் கிடந்து உறைந்தது. அதை எடுத்தால் நான் முழுக்கக் கண்ணாடி ஆகிவிடுவேனா, அந்தப் பக்கம் நிற்கிறவன் தெரிவானா. இல்லை, நடுவில் வெறும் ஓட்டைதான் இருக்குமா. ஓட்டை விழுந்த பாரை வியாபாரி வாங்கமாட்டான், சீக்கிரம் உருகிவிடும்.

உருகிக்கொண்டிருக்கிறேன். தூங்கக் கூடாது. எதில் இருந்தேன். வெள்ளை. பனிமயமாதா. பேக்டரி முதலாளி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கடற்கரைக்காரர், வருஷா வருஷம் வேலைக்காரர்களுக்கு மாதா படம் போட்ட காலண்டர் கொடுப்பார். நல்ல காலண்டர், தாள் கெட்டியாக இருக்கும், எந்தத் தேதியும் தூரத்திலிருந்து தெரியும், அதனால் வீட்டில் மாட்டினேன். பலவேசம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் குலசாமி சுடலைக்குக் கொடைத் திருவிழா. மதியக் கொடைக்கு எல்லா ஆம்பிளைகளும் வேட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு சாமி முன்னால் நிற்கிறார்கள், மேளம் முழங்குகிறது, மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்கள். நான் சட்டையோடு வாசலில் நிற்கிறேன். கழற்றிவிட்டு வா என்று ஒருவர் சொன்னார், இரண்டாவது ஆள் சொன்னார். நான் திரும்பி நடந்துவிட்டேன். திருச்செந்தூரிலும் அப்படித்தான், என் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டபோது ஆவுடையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், உள்ளே போனால் ஆம்பிளை சட்டையைக் கழற்ற வேண்டும், எனக்குத் தெரியாத சட்டமா. கொடையில் நான் திரும்பி நடந்ததும் பலவேசம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னானாம், அவன் வேதத்துல சேர்ந்துட்டான், நான் கண்ணால பார்த்தேன், வீட்ல மாதா படம் தொங்குது. ஊர் நம்பிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குக் கொடை வரி கேட்டு யாரும் வரவில்லை, பிரசாதம் வரவில்லை. தெருவில் ஒருவர் தோத்திரம் என்று கும்பிட்டுவிட்டுச் சிரிக்காமல் போனார். நான் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை, எந்தச் சர்ச்சுக்கும் போனதில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அப்ப ஏன் கழட்டல என்று கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது என் குற்றம் என்று ஆவுடை ஒரு தடவை சொன்னாள், அவளிடம் ஒரு மாதம் பேசவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், கல்யாணமான புதிதில் என் நெஞ்சில் தலை வைத்துப் படுத்து, இது சொகமா இருக்கு என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள். அதையும் நான் மறக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். இதெல்லாம் உதிரி. அவன் எனக்குத் தர வேண்டிய பாக்கி என்று நான் சொல்வது அப்பாவை. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் மனசு ஒரு கல்லைச் சுற்றி வழிகிற தண்ணீர் மாதிரி விலகி விலகிப் போகும், இன்றைக்கு மாத்திரை அதை விலகவிடவில்லை, நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறது. சுடுகாடு, மாசி வெயில், பனங்காட்டுக்கு அந்தப் பக்கம். அப்பாவை அடுக்கின விறகின் மேல் வைத்துவிட்டார்கள். முகம் மட்டும் தெரிகிறது. நான் ஒரே மகன். நாவிதர் கத்தியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சட்டையைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க என்கிறார். என் கை இரண்டாவது பொத்தானில் இருக்கிறது. முதல் பொத்தான் கழன்றுவிட்டது. இரண்டாவதில் கை நிற்கிறது. ஊரே நிற்கிறது. ஒரு காக்கா கத்துகிறது, யாரோ இருமுகிறார்கள், என் விரல் பொத்தானைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது, அதில் ஒரு நூல் பிரிந்து வந்தது, இப்போதும் விரலில் அந்த நூல் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருந்தால் கழற்றியிருப்பேன். கழற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பலவேசம் முன்னால் வந்தான். வேதக்காரன் கொள்ளி வச்சா மாமாவுக்கு நல்ல கதி கிடைக்காது, நான் வைக்கேன் என்றான். சொல்லிக்கொண்டே தன் சட்டையைக் கழற்றினான், பலகை மாதிரி நெஞ்சு, கழற்றின சட்டையை என் கையில் கொடுத்தான். வைத்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை போல. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சரி என்றார்கள். அவன் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டான். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாவைச் சுற்றி வந்தான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை, தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. கொள்ளியை வைத்தான். அத்தனை நேரமும் நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கூலிக்கு வந்தவன் மாதிரி. வேர்வையில் அது நனைந்திருந்தது. தீ மேலே வந்ததும் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

ஏங்க, அண்ணாச்சி வந்தாச்சு என்று ஆவுடை தோளைத் தட்டுகிறாள். கண்ணைத் திறந்தால் மேலே ஒரு பல்லில்லாத முகம். கையில் பை, பைக்குள் ஆரஞ்சு, பன்னீர் இலை விபூதி. பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்குக் கொடுக்காமல் நடந்தே வந்திருக்கிறான், மூச்சு வாங்குகிறது. இந்த முகத்தை மனதில் நான் வேறு மாதிரி வைத்திருந்தேன், இது யாரோ கிழவன். என்னல செண்பகம், ஹார்ட்டுல என்ன கோளாறு, அடைப்பா என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தான். நேற்று முருகனுக்கு வேண்டிக்கொண்டானாம், நீ நல்லபடியாக எழுந்தால் அங்கப்பிரதட்சணம் பண்ணுகிறேன் என்று. இந்த முட்டியை வைத்துக்கொண்டு உருளப்போகிறானாம், எனக்காக. விபூதியைக் கிள்ளி நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுவந்தவன் நிறுத்தி, வேதக்காரனுக்குப் பூசலாமா என்று ஆவுடையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். பூசினான். விரல் சூடாக இருந்தது. எனக்கு எரிந்தது. எனக்குத் தர வேண்டியவன், தந்துவிட்டுப் போகாமல் இன்னும் மேலே எனக்கு ஏதோ கொடுக்கப் பார்க்கிறான். இப்படியே விட்டால் கடைசியில் நான்தான் அவனுக்குக் கடன்பட்டவன் ஆகிவிடுவேன். நாக்கு தடித்துக் கிடந்தது, வார்த்தை வரவில்லை. அதனால் கையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவை அவிழ்த்தேன். ஒரு நாடா. இன்னொன்று. ஆவுடை தவிர, டாக்டர், சிஸ்டர் தவிர, அந்தப் பம்புசெட்டுக்கு அப்புறம் எந்த மனுஷனுக்கும் காட்டாததை அவனுக்குக் காட்டினேன். காற்று பட்டது. ஃபேன் காற்று அங்கே படுவது இப்படி இருக்குமா.

அவன் முதலில் கோட்டைத்தான் பார்த்தான். "என்னல, கோலம் போட்டு விட்டிருக்காவ" என்றான். அப்புறம் கோட்டை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைப் பார்த்தான். நான் சொன்னேன், மெதுவாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொன்றாக வந்தது. "இதத்தான் இன்னைக்கு வெட்டுதாவ. இதுக்காகத்தான் கொடையில கழட்டல. அப்பா அன்னைக்கும் இதுக்காகத்தான் நின்னேன். நீதானே அத்தான் மொதல்ல இதக் காட்டிக்கொடுத்த, பம்புசெட்ல." எந்தப் பம்புசெட் என்று கேட்டான். நடிக்கவில்லை. அவன் கண் அங்குமிங்கும் தேடியது, ஒரு கதவைத் திறந்து பார்த்து, இல்லை என்று இன்னொன்றைத் திறந்து பார்க்கிற மாதிரி. இல்லவே இல்லை அவனிடம். நான் இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தது அவனிடம் ஒரு துளிகூட உறையவில்லை. ஆனால் சுடுகாடு இருந்தது. அது அவன் முகத்தில் வந்தது, தாடை கொஞ்சம் இறங்கியது. நெடுநேரம் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அங்கியின் ஒரு ஓரத்தை எடுத்து மூடினான், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. "ஏல கோட்டிக்காரா. இவ்வளவுதானா. அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் துண்ட உனக்குப் போத்தி விட்டிருப்பேனே."

அந்தத் துண்டு எனக்குத் தெரிந்தது. மஞ்சளாக, பெரிய துண்டு, அன்று அவன் இடுப்பில் கட்டியிருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு நான் குடத்தோடு சுற்றி வருகிறேன், தண்ணீர் என் முதுகில் வழிகிறது, அப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. அவ்வளவு சுலபமாக நடக்கிறது. அவன் அதை இவ்வளவு வருஷம் கழித்துக் கொண்டுவந்து காட்டுகிறான், காட்டிவிட்டு, நீ சொல்லல என்று என் மேலேயே வைக்கிறான். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அது மாத்திரையால்தான். "அது என் கொள்ளி. நீ எடுத்துக்கிட்ட" என்றேன். ஆவுடை கட்டில் பக்கம் வந்து, "அண்ணாச்சி, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். அவிய உள்ள போற நேரம்" என்றாள். அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான். வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு வார்த்தை அவன் வாய்க்குள் இருப்பதைப் பார்த்த மாதிரிகூட இருந்தது. அவன் அதை விழுங்கிவிட்டு முட்டியைத் தடவினான். ஊரே சரின்னுதான சொல்லிச்சு, மாமாவ அப்படியே வெயில்ல போட்டுக்கிட்டு நிக்க முடியுமா என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் போல நிமிர்ந்தான். அவனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள், மருமகன்கள் துபாயில். "எனக்கு வைக்க ஆளு இல்லலே. நான் செத்தா நீ வந்து வையி. சட்டையக் கழட்டிட்டு வந்து வையி. இப்பதான் உனக்கு எல்லாம் சரியாயிருமே."

அதற்குள் தள்ளுவண்டியோடு ஆள் வந்துவிட்டான். ஜெபா சிஸ்டர் அங்கியின் நாடாவை மறுபடி கட்டினாள், அட்டையைப் பார்த்துப் பெயரைக் கேட்டாள், சொன்னேன். என்னைப் பாய் மாதிரி சுருட்டி வண்டிக்கு மாற்றினார்கள். மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, தண்ணீருக்கு மேலே மிதக்கிற வெள்ளைப் பார்கள். பலவேசம் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நொண்டி நொண்டி வருகிறான், சரின்னு சொல்லுலே, சொல்லுலே என்கிறான். நான் சரி என்று சொன்னேனா இல்லையா, தலை ஆடியது, வண்டி ஆடியதால் ஆடியிருக்கும். கதவுக்கு வெளியே அவனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே குளிர். என் குளிர். சாக்குத்துணி மட்டும்தான் இல்லை. மயக்க டாக்டர் அம்மா நல்ல மனுஷி, கையில் ஊசி குத்திக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறார், வெளிய உங்க கூட யாரு வந்திருக்கா என்று கேட்கிறார். வீட்டுக்காரி என்றேன். இன்னொருத்தரு, அந்த விபூதி பூசின பெரியவரு, அண்ணனா. எனக்குத் தர வேண்டிய ஆள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, தந்துட்டாரா என்றார். இல்ல. மூடி ஒன்றை மூக்கின் மேல் வைக்கிறார்கள், ரப்பர் வாசனை, இழுத்து மூச்சு விடச் சொல்கிறார்கள். இழுக்கிறேன். அவன் என்னைவிட மூத்தவன், முட்டி போய்விட்டது, மூச்சு வாங்குகிறது. அவன்தான் முதலில் போவான். அதற்கு நான் இதிலிருந்து எழுந்தாக வேண்டும். எழுந்து, பனியனைக் கழற்றி, கை தலைக்கு மேலே தூக்கலாம் என்கிற நாள் வந்து, குடம் தூக்கி, அவனைச் சுற்றி வந்து, எல்லோரும் பார்க்க வெற்றுடம்போடு அவனுக்கு நான் வைப்பேன். நன்றாக வைப்பேன், ஒரு குறையும் இல்லாமல். ஆனால் அது அவனுடைய தீ. வைத்துவிட்டுத் திரும்பி வரும்போதும் என் அப்பாவுடையதை அவன் எனக்குத் தந்திருக்கமாட்டான்.